ஃபிளைட் பிளானின் 10ஆம் கட்டம்: வழிகாட்டுக் கருவி, டிரான்ஸ்பாண்டர் குறியீடுகளைச் சரியாக நிரப்புவது எப்படி?

பறப்பதற்கு முன் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு அனுப்பும் ஃபிளைட் பிளான் படிவத்தை முதல்முறை நிரப்புகிறவர் தொடக்கத்தில் தடையில்லாமல் எழுதிக்கொண்டு போவார். 7ஆம் கட்டத்தில் விமானத்தின் அழைப்புப் பெயர், 8இல் எந்த விதிமுறையில் பறக்கிறோம் என்பது, 9இல் விமானத்தின் வகை. 10க்கு வந்ததும் பேனா நின்றுவிடும். அங்கே ஒரு சாய்கோடுதான் இருக்கும். அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் எழுத்துகளாக நிரப்ப வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால், "போன வாரப் பிளானில் இருந்ததை அப்படியே போடு" என்பார். அப்படிப் போடக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதினால் இரண்டு வேறு எழுத்துகள் 'பி' என்றே வரும், இரண்டு 'டி' என்றே வரும். ரேடியோவிலும் இதே குழப்பம் உண்டு. அதனால்தான் விமானத் துறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று சூலு வரை. இங்கேயும் அப்படியே சொல்கிறேன். 'சியரா' என்று படித்தால் படிவத்தில் அந்தச் சொல்லின் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் எழுதுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டாம்.

இந்தக் குறியீடுகள் எல்லா நாட்டுக்கும் பொது. ஐகாவோ என்னும் பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பின் 4444ஆம் எண் ஆவணம்தான் இதற்கு அடிப்படை. இன்று நாம் நிரப்பும் வடிவம் 2012 நவம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்கா மட்டும் உள்நாட்டுப் பயணங்களுக்கு வெகுகாலம் தன் பழைய முறையை வைத்திருந்தது. விமான வகைக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ஒரே ஓர் எழுத்து எழுதினால் போதும். தூரம் காட்டும் டிஎம்இ, ஜிபிஎஸ், ரேடாரின் கேள்விக்குத் தானே பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் எல்லாம் அந்த ஓர் எழுத்துக்குள் அடங்கிவிடும். 2019 ஆகஸ்ட் 27 முதல் அங்கும் ஐகாவோ படிவம் கட்டாயமாயிற்று.

எழுத்து போடுவதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பலர் இந்தக் கட்டத்தை விமானத்தில் பொருத்தியிருக்கும் பெட்டிகளின் பட்டியலாக நினைக்கிறார்கள். தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஐகாவோ கேட்பது மூன்று. கருவி விமானத்தில் இருந்து இன்று வேலை செய்கிறதா? அதைப் பயன்படுத்த இன்று பறக்கும் பைலட்டுகளுக்குத் தகுதி இருக்கிறதா? அனுமதி தேவைப்படும் விஷயமென்றால் அந்த அனுமதி கையில் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால்தான் அந்த எழுத்து படிவத்தில் ஏற வேண்டும்.

தரையிலிருந்து விமானங்களுக்கு வழியும் உயரமும் தரும் கண்ட்ரோலர் உங்கள் விமானத்தை நேரில் பார்க்கப் போவதில்லை. இந்த எழுத்துகளை வைத்துத்தான் அவருடைய கணினி எந்த உயரம் தரலாம், எந்த வழி தரலாம், அடுத்த விமானத்துக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று முடிவு செய்கிறது. நீங்கள் எழுதுவது அவருக்குக் கொடுக்கும் வாக்கு.

இடப்பக்கம்: சியராவில் தொடங்குங்கள்

சாய்கோட்டுக்கு இடப்பக்கம் ரேடியோ, வழிகாட்டு, இறங்குவதற்கான கருவிகள் வரும். முதல் எழுத்து சியராவா நவம்பரா என்று முடிவு செய்யுங்கள்.

நவம்பர் என்றால் இந்த வழித்தடத்துக்குத் தேவையான கருவி எதுவும் இல்லை அல்லது வேலை செய்யவில்லை என்று பொருள். சியரா என்றால் 'வழக்கமான தொகுப்பு' இருக்கிறது என்று பொருள். அந்தத் தொகுப்பில் மூன்று இருக்கின்றன: பேசுவதற்கான விஹெச்எஃப் ரேடியோ, தரை நிலையத்தை வைத்துத் திசை காட்டும் விஓஆர், ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சியரா போடக் கூடாது. ஐஎல்எஸ் மட்டும் இல்லையென்றால், விஹெச்எஃபுக்கு விக்டர், விஓஆருக்கு ஆஸ்கர் என்று தனித்தனியாக எழுத வேண்டும். ஐஎல்எஸ்ஸின் தனி எழுத்து லீமா. சியரா போட்டுவிட்டால் விக்டர், ஆஸ்கர், லீமா மூன்றையும் மறுபடி எழுதத் தேவையில்லை.

2012க்கு முன் பயிற்சி பெற்றவர்கள் இன்னும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அப்போது சியராவுக்குள், என்டிபி என்னும் தரை ரேடியோ நிலையத்தின் திசையைக் காட்டும் ஏடிஎஃப் கருவியும் அடக்கம். இப்போது இல்லை. என்டிபி நிலையங்களை நம்பிப் பறக்கப் போகிறீர்கள், கருவியும் இருக்கிறது என்றால் ஃபாக்ஸ்ட்ராட் எழுத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அப்புறம் மற்ற வழிகாட்டுக் கருவிகள். தூரம் காட்டும் டிஎம்இ இருந்தால் டெல்டா. ஜிபிஎஸ் உள்ளிட்ட செயற்கைக்கோள் வழிகாட்டு இருந்தால் கோல்ஃப். மடியில் வைத்திருக்கும் டேப்லெட்டில் ஜிபிஎஸ் ஓடுவது இதில் வராது. விமானத்தில் முறையாகப் பொருத்தி அங்கீகரித்த கருவியைத்தான் சொல்கிறேன். வெளி உதவியின்றித் தானே இடத்தைக் கணிக்கும் இனர்ஷியல் கருவி இருந்தால் இந்தியா எழுத்து. திசையும் தூரமும் காட்டும் டேக்கனுக்கு டேங்கோ, யுஹெச்எஃப் ரேடியோவுக்கு யூனிஃபார்ம். இரண்டும் பெரும்பாலும் ராணுவ விமானங்களுக்கு. தரை ரேடியோ நிலையங்களை நம்பிய பழைய வழிகாட்டு முறையான லோரான்-சிக்கு சார்லி, மைக்ரோவேவ் வழி இறங்கும் முறையான எம்எல்எஸ்ஸுக்கு கிலோ. இவை பட்டியலில் இருந்தாலும் எழுத வேண்டிய நிலை அநேகமாக வராது. அமெரிக்கா தன் லோரான்-சி நிலையங்களை 2010இலேயே மூடிவிட்டது.

பிராவோ எழுத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் திருத்தத்தின் துணையோடு, ஐஎல்எஸ் இல்லாத ஓடுபாதையிலும் செங்குத்து வழிகாட்டலுடன் இறங்கும் எல்பிவி முறைக்கு அது. இந்தியாவில் இந்தத் திருத்தத்தைத் தருவது இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ககன். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் ஒரு ஏடிஆர்-72 விமானம் ககன் துணையோடு எல்பிவி முறையில் இறங்கிக் காட்டியது. விமானத்தில் அதற்கான ரிசீவர் வேண்டும், பைலட்டுக்குப் பயிற்சி வேண்டும், அனுமதி வேண்டும். மூன்றும் இருந்தால்தான் பிராவோ. கோல்ஃப் போட்டுவிட்டு இப்படி வெளித் திருத்தத்தையும் பயன்படுத்துவதாக இருந்தால், கூடுதல் விவரங்களுக்கான 18ஆம் கட்டத்தில் 'நாவ்' என்ற தலைப்பின்கீழ் அதன் பெயரையும் எழுத வேண்டும். தரையிலிருந்து திருத்தம் பெற்று இறங்கும் ஜிபாஸ் முறைக்கு ஆல்ஃபா.

ரேடியோவில் இன்னும் இரண்டு எழுத்துகள் முக்கியம். தொலைதூரம் எட்டும் ஹெச்எஃப் ரேடியோவுக்கு ஹோட்டல். கடலைக் கடப்பவருக்கு அதன் அருமை தெரியும். விஹெச்எஃப் அலை நேர்கோட்டில் போகும். 35,000 அடியில் பறந்தாலும் கணக்குப்படி ஏறத்தாழ 230 கடல் மைல் தாண்டிக் கேட்காது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 730 கடல் மைலுக்கு மேல். இரண்டு கரையிலிருந்தும் 230 கழித்தால் நடுவில் 270 சொச்சம் மிஞ்சும். ஜெட் விமானத்துக்கே அது அரை மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் ஹெச்எஃப் அல்லது செயற்கைக்கோள் வழிதான் பேச முடியும்.

இன்னொன்று யாங்கி. விஹெச்எஃப் அலைவரிசைகள் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருந்தன. ஐரோப்பாவில் நெரிசல் தாங்காமல் ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்தார்கள். அதுதான் 8.33. உங்கள் ரேடியோ அந்த இடைவெளியில் பேசுமென்றால் யாங்கி எழுதுங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் பிளானில் யாங்கி இல்லாவிட்டால் விலக்கு பெற்றதற்கான குறிப்பை 18ஆம் கட்டத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

விஸ்கி: ஓர் அதிகாலையின் கதை

விஸ்கி எழுத்து ஆர்விஎஸ்எம் அனுமதியை, அதாவது குறைந்த உயர இடைவெளியில் பறக்கும் அனுமதியைக் குறிக்கும். 29,000 அடி மட்டத்திலிருந்து 41,000 அடி மட்டம் வரை முன்பு மேல்கீழாக 2,000 அடி இடைவெளி விடுவார்கள். உயரமானிகள் துல்லியமானதும் அதை 1,000 ஆக்கினார்கள். இந்திய வான்பரப்பில் 2003 நவம்பரில் இது வந்தது. பாதி இடைவெளியில் பறக்க வேண்டுமென்றால் நான்கு வேண்டும்: ஒன்றையொன்று சாராத இரண்டு உயர அளவீட்டு அமைப்புகள், தானாக உயரத்தைப் பிடித்து நிற்கும் ஆட்டோபைலட், உயரம் பிசகினால் எச்சரிக்கும் அலாரம், உயரத்தைத் தரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர். இவற்றோடு அரசின் அனுமதியும் வேண்டும்.

விமானங்களுக்குப் பிளான் தயாரிக்கும் டிஸ்பேட்ச் மேசையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அதிகாலை மூன்றரை மணி இருக்கும். ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டிய விமானத்துக்குப் பிளான் தயாராக இருந்தது. கணினியில் அந்த விமானத்தின் பதிவெண்ணைத் தட்டினால் 10ஆம் கட்டம் தானே நிரம்பிவிடும். அனுப்பும் பொத்தானில் விரல் வைத்திருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த அண்ணன், "ஒத்திப்போட்ட பழுது லிஸ்ட்டைப் பார்த்தியா?" என்றார். பார்க்கவில்லை. எடுத்துப் பார்த்தால், முந்தைய இரவே உயர எச்சரிக்கை அலாரம் வேலை செய்யவில்லை என்று எழுதி, சட்டப்படி ஒத்திப்போட்டிருந்தார்கள். விமானம் பறக்கலாம். ஆனால் ஆர்விஎஸ்எம் உயரத்தில் பறக்கக் கூடாது. என் பிளானிலோ விஸ்கியும் இருந்தது, 35,000 அடியும் இருந்தது.

விஸ்கியை எடுத்தேன். உயரத்தை 27,000 ஆக்கினேன். கீழே பறந்தால் எரிபொருள் கூடும். அதனால் எரிபொருள் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. எரிபொருள் வண்டிக்கு மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. விமானம் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. கேப்டன் கேட்ட ஒரே கேள்வி, "பிளானில் விஸ்கியை எடுத்தாச்சா?" என்பதுதான். அன்று முதல் பழுதுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் நான் 10ஆம் கட்டத்தைத் தொட்டதில்லை.

ஆர்விஎஸ்எம் தகுதியில்லாத விமானம் சிறப்பு அனுமதியோடு அந்த உயரத்திலேயே பறக்க வேண்டியிருந்தால், விஸ்கியை நீக்குவது மட்டும் போதாது. 18ஆம் கட்டத்தில் 'எஸ்டிஎஸ்' தலைப்பில் ஆர்விஎஸ்எம் அல்லாதது என்ற குறிப்பையும் எழுத வேண்டும். விஸ்கிக்கு அடுத்து வரும் எக்ஸ்ரே வட அட்லாண்டிக் கடலின் உயர்வான்பரப்புக்கான அனுமதி. அந்தப் பக்கம் போகாதவருக்கு அது தேவையில்லை.

ரோமியோ போட்டால் வேலை இரட்டிப்பு

ரோமியோ என்றால் பிபிஎன் அனுமதி. இன்ன கருவி இருக்கிறது என்று சொல்வதற்குப் பதிலாக, இவ்வளவு துல்லியமாகப் பறப்பேன் என்று சொல்லும் முறை இது. ஆர்நாவ் 5 என்றால், பறக்கும் நேரத்தில் 95 விழுக்காடு, போட்ட கோட்டிலிருந்து 5 கடல் மைலுக்குள் நிற்பேன் என்று அர்த்தம். ஆர்நாவ் 1 என்றால் 1 கடல் மைல். ஆர்என்பி என்று பெயர் வந்தால், அந்தத் துல்லியம் தவறும்போது விமானமே கண்டுபிடித்துப் பைலட்டை எச்சரிக்கும் வசதியும் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

ரோமியோ எழுதிவிட்டால் 18ஆம் கட்டத்தில் 'பிபிஎன்' தலைப்பில் எந்தெந்தத் தரம் என்று சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொன்றும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். எட்டுக்கு மேல் எழுத முடியாது. ஆல்ஃபா 1 என்றால் கடல்வழிக்கான ஆர்நாவ் 10. லீமா 1 என்றால் ஆர்என்பி 4. பிராவோ வரிசை ஆர்நாவ் 5, சார்லி வரிசை ஆர்நாவ் 2, டெல்டா வரிசை ஆர்நாவ் 1, ஆஸ்கர் வரிசை ஆர்என்பி 1. இறங்கும் முறைகளில் சியரா 1 ஆர்என்பி அணுகுமுறை, சியரா 2 அதோடு காற்றழுத்த உயரத்தை வைத்துச் செங்குத்து வழிகாட்டலும் உண்டு. சிறப்பு அனுமதி தேவைப்படும் ஆர்என்பி ஏஆருக்கு டேங்கோ 1, டேங்கோ 2.

பிராவோ, சார்லி, டெல்டா, ஆஸ்கர் ஆகிய நான்கு வரிசைகளிலும் எண்தான் கருவியைச் சொல்கிறது. 1 என்றால் அனுமதிக்கப்பட்ட எல்லாக் கருவிகளாலும் முடியும். 2 என்றால் செயற்கைக்கோளால் மட்டும். 3 என்றால் இரண்டு டிஎம்இ நிலையங்களை வைத்து. 4க்கு மேல் வரிசைக்கு வரிசை மாறும். ஆர்நாவ் 5இல் 4 என்பது விஓஆரும் டிஎம்இயும், 5 இனர்ஷியல். மற்ற மூன்று வரிசைகளில் 4 என்பது டிஎம்இயோடு இனர்ஷியல்.

பிளான் திரும்பி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். 18இல் எழுதியது 10இல் எழுதியதோடு பொருந்த வேண்டும். டெல்டா 2 என்று எழுதியிருக்கிறீர்களா? அப்படியானால் 10இல் கோல்ஃப் இருக்க வேண்டும். சார்லி 4 எழுதினால் அங்கே டெல்டாவும் இந்தியா எழுத்தும் வேண்டும். பிராவோ 1 எழுதினால் விஓஆர், டிஎம்இ, செயற்கைக்கோள், இனர்ஷியல் நான்கும் இடப்பக்கத்தில் தெரிய வேண்டும். ஜிபிஎஸ் மட்டும் உள்ள சிறிய விமானத்துக்குப் பெருமைக்காக 1 போடாதீர்கள். அதற்கு உரியது 2.

எழுத்துவழிப் பேச்சு

இடப்பக்கத்தில் எண்ணோடு வரும் எழுத்துகள் பெரும்பாலும் டேட்டா லிங்க், அதாவது குரலுக்குப் பதில் தரவாகச் செய்தி அனுப்பும் முறை சார்ந்தவை. பெரிய விமானங்களுக்கே இவை தேவைப்படும். எக்கோ 1, 2, 3 மூன்றும் ஏகார்ஸ் என்னும் விமானச் செய்தி அமைப்பு வழியாக வரும் தகவல்கள். அதில் 3 என்பது புறப்படும் அனுமதியை எழுத்தாகவே வாங்குவது. ஜூலியட் வரிசை சிபிடிஎல்சி, அதாவது கண்ட்ரோலரும் பைலட்டும் பேசாமல் எழுத்தில் பரிமாறிக்கொள்வது. எந்த வழியில் செய்தி போகிறது என்பதை எண் சொல்லும்: ஜூலியட் 1 ஏடிஎன் வலையமைப்பு, 4 ஃபான்ஸ் என்னும் டேட்டா லிங்க் முறையில் விடிஎல் மோட் 2 என்ற விஹெச்எஃப் இணைப்பு, 5 இன்மர்சாட் செயற்கைக்கோள், 7 இரிடியம். செயற்கைக்கோள் வழிக் குரலுக்கு மைக் வரிசை. அந்தத் தொடர்பு எவ்வளவு விரைவானது என்று சான்று பெற்றிருந்தால் பாப்பா வரிசை. பாப்பா 2 என்றால் சிபிடிஎல்சியில் 240 நொடி என்ற தரம்.

பட்டியலில் இல்லாத கருவியோ திறனோ இருந்தால் சூலு போட்டு, 18ஆம் கட்டத்தில் காம், நாவ், டாட் தலைப்புகளில் விளக்குங்கள். விளக்கம் இல்லாமல் சூலு மட்டும் வந்தால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

வலப்பக்கம்: டிரான்ஸ்பாண்டர் ஏன் இவ்வளவு முக்கியம்

1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி அருகே ஒரு சவூதி ஜம்போவும் கஜகஸ்தானின் இல்யூஷின்-76 விமானமும் வானில் மோதின. 349 பேரும் இறந்தார்கள். சவூதி விமானம் 14,000 அடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கஜக் விமானத்துக்கு 15,000 அடி வரை இறங்க அனுமதி. அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அன்று டெல்லி கண்ட்ரோலர் கையில் இருந்தது முதன்மை ரேடார் மட்டும். அது திசையும் தூரமும் காட்டும், உயரம் காட்டாது. திரையில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. அவற்றில் எது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பைலட் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

இந்தக் குறையைத் தீர்ப்பது இரண்டாம்நிலை ரேடார். அது தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி கேட்கும். விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் 1090இல் பதில் சொல்லும். என்ன பதில் சொல்லத் தெரியும் என்பதுதான் வலப்பக்கத்தில் நாம் எழுதும் எழுத்து.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஸ்குவாக் என்று கண்ட்ரோலர் தரும் நான்கு இலக்க எண் வேறு, இந்தக் குறியீடு வேறு. 0 முதல் 7 வரையான இலக்கங்களில் அமையும் 4096 எண்களில் ஒன்றைப் பறக்கும்போது அவர் தருவார். 7500 கடத்தல், 7600 ரேடியோ பழுது, 7700 அவசரம். இவை எதையும் 10ஆம் கட்டத்தில் எழுதுவதில்லை.

கருவியே இல்லை அல்லது வேலை செய்யவில்லை என்றால் நவம்பர். ஸ்குவாக் எண்ணை மட்டும் சொல்லும் பழைய மோட் ஏ என்றால் ஆல்ஃபா. எண்ணோடு உயரத்தையும் சொல்லும் மோட் சி என்றால் சார்லி. மோட் எஸ் வந்த பிறகு ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் நிரந்தர முகவரி வந்தது. அதிலும் பல படிகள் உண்டு. உயரமும் அழைப்புப் பெயரும் சொல்லுமென்றால் சியரா. உயரம் மட்டும் சொல்லுமென்றால் பாப்பா. பெயர் மட்டும் சொல்லுமென்றால் இந்தியா எழுத்து. இரண்டும் இல்லையென்றால் எக்ஸ்ரே. சியராவோடு, விமானம் தேர்ந்தெடுத்த உயரம், வேகம் போன்றவற்றையும் தரும் மேம்பட்ட கண்காணிப்பு இருந்தால் ஹோட்டல். சியராவோடு, இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பிக்கான நீட்டிக்கப்பட்ட சமிக்ஞை இருந்தால் எக்கோ. மூன்றும் சேர்ந்திருந்தால் லீமா.

இவற்றில் உங்கள் கருவியின் உச்சபட்சத் திறனுக்குரிய ஒன்றே ஒன்றை எழுதுங்கள். லீமாவும் எழுதி சியராவும் எழுதுவது தவறு. லீமாவுக்குள் சியரா அடக்கம். இரண்டு டிரான்ஸ்பாண்டர் இருந்தாலும் இரண்டு எழுத்து கிடையாது. ஐரோப்பிய ஜெட்டுக்கு லீமா என்பதைப் பார்த்துவிட்டு, மேம்பட்ட கண்காணிப்பு இல்லாத சிறு விமானத்துக்கும் லீமா போடுகிறவர்கள் உண்டு. கருவியின் கையேட்டைத் திறந்து பாருங்கள். பல நேரம் சரியான விடை எக்கோவாக இருக்கும்.

அதற்கு அடுத்து ஏடிஎஸ்-பி. ரேடார் கேட்பதற்குக் காத்திராமல், விமானமே தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் முறை. 1090இல் அனுப்ப மட்டும் முடிந்தால் பிராவோ 1, அனுப்பவும் பெறவும் முடிந்தால் பிராவோ 2. அமெரிக்காவில் 18,000 அடிக்குக் கீழே பறக்கும் சிறு விமானங்கள் பயன்படுத்தும் 978 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு யூனிஃபார்ம் 1, 2. விடிஎல் மோட் 4 வழி என்றால் விக்டர் 1, 2. எந்தப் பதிப்பு என்பதை 18இல் 'சர்' தலைப்பில் சொல்ல வேண்டும். இப்போது பரவலாக இருப்பது 260பி. கடல் நடுவே கண்ட்ரோல் மையத்துக்கு நேரடியாக அறிக்கை அனுப்பும் ஏடிஎஸ்-சி, ஃபான்ஸ் முறை என்றால் டெல்டா 1, ஏடிஎன் முறை என்றால் கோல்ஃப் 1.

ஒரே எழுத்து சாய்கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். இடப்பக்கத்து லீமா ஐஎல்எஸ், வலப்பக்கத்து லீமா டிரான்ஸ்பாண்டர். பிராவோ 1 வலப்பக்கத்தில் ஏடிஎஸ்-பி, 18ஆம் கட்டத்தில் ஆர்நாவ் 5. தனி எழுத்தாக மனப்பாடம் செய்யாமல் இடத்தோடு சேர்த்துப் படித்தால் குழப்பம் வராது.

மோட் எஸ் கருவி சொல்லும் அழைப்புப் பெயர் 7ஆம் கட்டத்தில் எழுதியதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். டிக்கெட்டில் இருக்கும் விமான நிறுவனத்தின் இரண்டெழுத்துக் குறியீட்டைக் காக்பிட்டில் தட்டிவிட்டால் பொருந்தாது. படிவத்தில் இருப்பது மூன்றெழுத்து. பதிவெண்ணையே அழைப்புப் பெயராக வைக்கும் சிறு விமானங்கள் இடைக்கோட்டை விட்டுவிட வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் திரையில் தெரியும் விமானத்தையும் கையில் இருக்கும் பிளானையும் கணினி இணைக்காது.

இரண்டு பிளான்களைச் சேர்ந்து நிரப்புவோம்

முதலாவது, ஒற்றை இன்ஜின் பயிற்சி விமானம். விஹெச்எஃப், விஓஆர், ஐஎல்எஸ் மூன்றும் வேலை செய்கின்றன. பொருத்திய ஜிபிஎஸ் இருக்கிறது. டிஎம்இ, ஏடிஎஃப் இல்லை. பிபிஎன் அனுமதி இல்லை. டிரான்ஸ்பாண்டர் மோட் எஸ், உயரமும் பெயரும் சொல்லும், ஏடிஎஸ்-பி கிடையாது. எழுத வேண்டியது: சியரா, கோல்ஃப், சாய்கோடு, சியரா. அவ்வளவுதான். இரண்டு சியராவுக்கும் வேறு வேறு பொருள் என்பதை இன்னொருமுறை பாருங்கள். 18ஆம் கட்டத்தில் கருவி சார்ந்து எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து சிங்கப்பூர் போகும் இரட்டை இன்ஜின் ஜெட். வழக்கமான தொகுப்பு இருக்கிறது, எனவே சியரா. டிஎம்இக்கு டெல்டா, ஏடிஎஃபுக்கு ஃபாக்ஸ்ட்ராட், ஜிபிஎஸ்ஸுக்கு கோல்ஃப், கடலுக்காக ஹோட்டல், இனர்ஷியலுக்கு இந்தியா எழுத்து. இன்மர்சாட் வழி சிபிடிஎல்சிக்கு ஜூலியட் 5, அதன் தரத்துக்கு பாப்பா 2, பிபிஎன்னுக்கு ரோமியோ, ஆர்விஎஸ்எம்முக்கு விஸ்கி, 8.33 ரேடியோவுக்கு யாங்கி. பிறகு சாய்கோடு. வலப்பக்கம் லீமா, பிராவோ 1, டெல்டா 1.

18ஆம் கட்டத்தில் பிபிஎன் தலைப்பில்: ஆல்ஃபா 1, பிராவோ 1, சார்லி 1, டெல்டா 1, லீமா 1, ஆஸ்கர் 1, சியரா 2. மொத்தம் ஏழு, எட்டுக்குள் இருக்கிறது. 1 என்று முடியும் வரிசைகளுக்குத் தேவையான விஓஆர், டிஎம்இ, செயற்கைக்கோள், இனர்ஷியல் எல்லாம் இடப்பக்கத்தில் இருக்கின்றனவா? சியராவுக்குள் விஓஆர் இருக்கிறது, மற்ற மூன்றும் தனியே இருக்கின்றன. சரி. சர் தலைப்பில் 260பி. கோட் தலைப்பில் 24 பிட் முகவரியை ஆறு குறிகளில் எழுதலாம். இந்தியப் பதிவு விமானங்களின் முகவரி 80இலிருந்து 83 வரையான இரண்டு இலக்கங்களில் ஒன்றோடு தொடங்கும். வேறு எப்படியாவது தொடங்கினால் எங்கோ தட்டுப்பிழை.

தலைப்புகளின் வரிசையும் முக்கியம். எஸ்டிஎஸ், பிபிஎன், நாவ், காம், டாட், சர் என்றே போக வேண்டும்.

இங்கே வராதவையும் உண்டு. மோதல் தடுப்புக் கருவியான டிகாஸுக்கும் வானிலை ரேடாருக்கும் 10ஆம் கட்டத்தில் எழுத்து கிடையாது. அவசரகால இடங்காட்டி, மிதவைப் படகு, உயிர்காப்பு அங்கி எல்லாம் 19ஆம் கட்டத்துக்குரியவை.

அனுப்பிய பிறகு ஏதாவது கெட்டால்

பிளான் போய்ச் சேர்ந்துவிட்டது. விமானத்தில் ஏறிய பைலட் டிரான்ஸ்பாண்டர் உயரம் சொல்லவில்லை என்கிறார். அப்போது திருத்தச் செய்தி அனுப்ப வேண்டும், அல்லது பழையதை ரத்து செய்து புதிதாக அனுப்ப வேண்டும். உயரம் சொல்லாவிட்டால் வலப்பக்க சியரா இந்தியா எழுத்தாகும். ஆர்விஎஸ்எம்முக்கும் அதே கருவிதான் தேவை. அதனால் மாற்று டிரான்ஸ்பாண்டர் இல்லையென்றால் இடப்பக்கத்து விஸ்கியும் போக வேண்டும். ஜிபிஎஸ் கெட்டால் கோல்ஃபோடு நிற்காமல் 18ஆம் கட்டத்துக்கும் போங்கள். 1 என்றும் 2 என்றும் முடிந்தவை எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். ஏடிஎஸ்-பி இருப்பிடத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்துதான் எடுக்கிறது, அதனால் பிராவோ 1உம் நீங்கும், லீமா ஹோட்டலாகக் குறையும்.

நான் இன்றும் அனுப்புவதற்கு முன் இதைத்தான் செய்கிறேன். இடது கையில் பழுதுப் பட்டியல், வலது கை விரல் திரையில் முதல் எழுத்தின் மேல். ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நகர்வேன். சியரா, டெல்டா, ஃபாக்ஸ்ட்ராட், கோல்ஃப். முழுதும் முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. சாய்கோட்டைத் தாண்டிக் கடைசி எழுத்தையும் சொன்ன பிறகே பொத்தானை அழுத்துவேன்.